மணிக்கு நாற்பது மைல்

எல்ம் ஃபோர்க், வடக்கு டகோட்டா
ஜூன் 2, 1979

திருமதி டோலெஃப்சன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கம். அதில் கேள்வி ஒன்றுதான், அதுவும் கடைசிப் பக்கத்துக் கடைசி வரியில். அடுத்த முறை கேள்வியை முதலில் எழுதுங்கள்.

டிரெய்லரை இழுத்துக்கொண்டு எந்த வேகத்தில் வரலாம் என்று கேட்கிறீர்கள். பதில்: மணிக்கு நாற்பது மைல்.

சாலையில் ஐம்பத்தைந்து என்று பலகை வைத்திருப்பார்கள். அது அனுமதிக்கப்பட்ட உச்சம். அந்த வேகத்தில் போயே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் டிரெய்லர் வீடு இருபது அடி நீளம், சுவர் மாதிரி நிமிர்ந்த முகம். வேகம் கூடக்கூடக் காற்று அதைப் பின்னால் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தள்ளல் நான்கு மடங்கு. பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கிற இந்த வருடத்தில் அதை யோசித்துப் பாருங்கள். அடுத்தது டயர்: வேகத்தில் சூடாகும், சூட்டில் வெடிக்கும். மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது. டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தால் முதலில் ஒரு கை அகலம் ஆடும், அடுத்து ஒரு ஆள் அகலம், அதற்கடுத்து காரையும் சேர்த்துப் பள்ளத்தில் போடும். மொத்தம் ஆறு விநாடி. டிரெய்லரைக் காரோடு மாட்டும் கொக்கிகளைச் செய்கிற எங்கள் தொழிற்சாலையின் சோதனைத் தடத்தில் இதைப் பார்ப்பதற்காகவே எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

கனமான சாமான்களைச் சக்கர அச்சுக்கு முன்னால் வையுங்கள். பின்பக்க அலமாரியில் தலையணைக்கு மேல் கனமாக எதுவும் கூடாது. கொக்கியின் மேல் இறங்கும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் பத்திலிருந்து பன்னிரண்டு சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் வாலாட்டும்.

ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வு. ஓட்டும் நாளில் நூற்றைம்பது மைல். உங்களுக்கு அறுபத்திரண்டு வயது, இடது காது கேட்காது, உங்கள் கணவர் ஹால் இல்லாமல் இவ்வளவு தூரம் ஓட்டியதில்லை. 13-ஆம் தேதி கிளம்பினால் ஜூலை 3 வந்து சேர்வீர்கள். தங்க வேண்டிய ஊர்களின் பட்டியல் இத்துடன். எல்லாம் 81-ஆம் சாலையில்தான், திரும்பவே வேண்டாம். ஃபோனில் உங்களோடு பேசுவது வீண் வேலை. அந்தந்த ஊர் தபால் நிலையத்துக்கு எழுதுகிறேன், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நீங்கள் எங்கள் முற்றத்தில் வந்து தங்குவதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. லோர்னா தன் அம்மாவைக் கூப்பிட்டாள், வருகிறீர்கள். வாசலில் நின்று சிரிக்க எனக்கு வராது என்பதால் முன்பே சொல்லிவைக்கிறேன்.

ரோலண்ட் ஹெக்


டெக்சாஸ், பள்ளத்தாக்கு டிரெய்லர் பார்க்
ஜூன் 8

அன்புள்ள ரோலண்ட்,

கேள்வியை முதலில் எழுதச் சொன்னாய். இந்தக் கடிதத்தில் கேள்வியே இல்லை, அதனால் நிம்மதியாகப் படி.

நாற்பது என்றால் நாற்பது. கார் கண்ணாடிக்குக் கீழே காகிதத்தில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டேன். பக்கத்து டிரெய்லர் பியூலா பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். "நாப்பதா? ஏன்டி வெர்னா, எருமையைக் கட்டி இழுக்கப் போறியா? உன் வீட்டுக்காரர் அறுபதுக்குக் குறைச்சு ஓட்டிப் பாத்ததில்லையே!" என்றாள். "அவர் அமரில்லோகிட்ட ஒரு தடவை வாலாட்டி, நான் சாமி பேரெல்லாம் சொல்லி அலறினது உனக்குத் தெரியுமா? என் மருமகன் இன்ஜினியர். அவன் சொன்னா சொன்னதுதான்" என்றேன்.

உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறேன். ஹால் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் 'பார்க்கலாம்' என்றார். பாதிரியார் 'நம்பிக்கையோடு இருங்கள்' என்றார். லோர்னா, 'அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதும்மா' என்று அழுதாள். நீ மட்டும் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, "ரெண்டு மாசம், திருமதி டோலெஃப்சன். பத்திரமெல்லாம் எங்க இருக்குன்னு அவர்கிட்ட இப்பவே கேட்டு வச்சுக்கோங்க" என்றாய். அன்று உன்னை அறைந்திருப்பேன். ஒன்பதாவது வாரம் அவர் போனார். நீ சொன்னதால்தான் அந்த ஒன்பது வாரமும் ஒரு நாள்கூட நான் அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. இந்தக் குடும்பத்தில் எனக்குச் சர்க்கரை தடவாமல் பேசுகிறவன் நீ ஒருத்தன்தான். என் வான்கோழி வறுவலை டயர் ரப்பர் என்று சொன்னவனும் நீதான். அதையும் மறக்கவில்லை.

நான் வருவதில் சந்தோஷம் இல்லை என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்தேன், இவன் எதையும் உள்ளே வைத்துக்கொண்டு வெளியே வேறு பேசமாட்டான் அல்லவா, அதுவே பெரிய நிம்மதி.

லோர்னாவிடமிருந்து நேற்றும் ஒரு அட்டை வந்தது. 'சீக்கிரம் வாம்மா, பருத்திமரத்து நிழலில் உன் இடத்தைச் சமப்படுத்தி வைத்திருக்கிறேன்' என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் வீட்டை விற்ற பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். இனி எனக்கு இந்த இருபது அடியும் உங்கள் மரத்தடியும்தான்.

பம்பளிமாஸ் ஜாம் இருபத்து நான்கு பாட்டில் போட்டிருக்கிறேன். லோர்னாவுக்கு உயிர். பின் அலமாரியில் இருந்ததை நீ சொன்னபடி முன்னால் மாற்றிவிட்டேன்.

எட்டு வருடமாகத் 'திருமதி டோலெஃப்சன்' என்றே எழுதுகிறாய். வரி வசூலிக்கிறவன்கூட என்னை வெர்னா என்பான்.

அன்புடன்,
வெர்னா அம்மா


எல்ம் ஃபோர்க்
ஜூன் 13
வேகோ தபால் நிலையம், டெக்சாஸ்

திருமதி டோலெஃப்சன் அவர்களுக்கு,

இன்று கிளம்பியிருப்பீர்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சக்கர நடுவைக் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு இருந்தால் அங்கேயே நில்லுங்கள். டயர் காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன் பாருங்கள். மத்தியானத்தில் பார்த்து 'அதிகமாக இருக்கிறதே' என்று திறந்து விட்டுவிடாதீர்கள். பாதிப் பேர் செய்கிற முட்டாள்தனம் அது.

எல்லோரும் முந்திப் போவார்கள். போகட்டும்.

பெயரைப் பற்றி: திருமதி டோலெஃப்சன் என்பது சரியான பெயர். தப்பு ஒன்றும் இல்லாததை ஏன் மாற்ற வேண்டும்?

ரோலண்ட் ஹெக்


போவி, டெக்சாஸ்
ஜூன் 20

அன்புள்ள ரோலண்ட்,

பயப்படாதே. நன்றாகத்தான் இருக்கிறேன். இதை லோர்னாவிடம் எப்படிச் சொல்வது என்று நீயே பார்த்துச் சொல், என் கையெழுத்தைக் காட்டாதே, கோணல்மாணலாக இருக்கிறது. வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

நேற்று மத்தியானம். நாற்பதில்தான் போய்க்கொண்டிருந்தேன், முள் ஒரு மயிரிழை மேலே போகவில்லை. பின்னால் மாட்டு லாரி ஒன்று. மேடு ஏறி இறங்கி வந்தவனுக்கு முன்னால் நான் நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கிறேன், அவனுக்கு பிரேக் போட இடமில்லை. ஹார்ன் அடித்தானாம். எனக்கு இடது பக்கம் ஒன்றும் கேட்காது, உனக்குத் தெரியும். பக்கத்தில் உரசிக்கொண்டு போனான். இடது கண்ணாடி போயே போய்விட்டது. அவன் தள்ளிய காற்றில் டிரெய்லர் ஒரு குலுங்கு குலுங்கி, நான் சாலையை விட்டு இறங்கிப் புல்லுக்குள் போய் வேலிக்கம்பத்தில் முட்டி நின்றேன்.

அவன் அரை மைல் தள்ளி நிறுத்திவிட்டு ஓடி வந்தான். சிவப்பு முகம், உன் வயசுதான் இருக்கும். என்னைத் திட்டத்தான் வந்தான், கிழவியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டான். "என்னம்மா ஆச்சு, வண்டி கெட்டுப் போச்சா?" என்றான். "இல்லையே, நல்லாத்தான் ஓடுது" என்றேன். "அப்புறம் ஏம்மா இந்த ரோட்டுல நாப்பதுல போறீங்க? எந்தப் புண்ணியவான் சொல்லிக்கொடுத்தான்? அவனைக் கொண்டாந்து என் லாரிக்கு முன்னாடி நாப்பதுல நடக்கச் சொல்லுங்க!" என்று கத்தினான். அப்புறம் அவனே கண்ணாடித் துண்டுகளையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு, போவி வரை எனக்குப் பின்னாலேயே விளக்கை மின்னவிட்டுக்கொண்டு வந்தான். மாடுகள் எல்லாம் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தன.

கேள்வியை முதலில் எழுதியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். ஐம்பதுக்கு ஏற்றலாமா? நீ வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் எனக்கு இந்தச் சாலையில் பயமாக இருக்கிறது.

ஜாம் ஒரு பாட்டில்கூட உடையவில்லை.

அன்புடன்,
வெர்னா அம்மா


எல்ம் ஃபோர்க்
ஜூன் 23
கான்கார்டியா தபால் நிலையம், கேன்சஸ்

திருமதி டோலெஃப்சன் அவர்களுக்கு,

உடைந்தது கண்ணாடி. அதை மாற்றுங்கள். நீண்ட கம்பியில் வெளியே நீளும் கண்ணாடியாக வாங்குங்கள், டிரெய்லரின் அகலத்தைத் தாண்டி நிற்க வேண்டும். உங்களிடம் இருந்தது ஹால் வாங்கிய மலிவுச் சாமான், அதில் பின்னால் வருவது பாதிதான் தெரிந்திருக்கும். வேலிக்கம்பத்தில் முட்டியதால் கொக்கியில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் மயிரிழையாகப் பிளந்திருந்தால் அங்கே வெடிப்பு என்று அர்த்தம்.

ஐம்பது வேண்டாம். நாற்பது.

பின்பக்கம் ஆரஞ்சு நிறத் துணி ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். மேடு வரும் இடங்களில் ஓரத்தில் ஒதுங்கிப் போங்கள். பட்டியலில் உள்ள ஓய்வு நாட்களைக் குறைக்காதீர்கள். இப்போது மணிக்கட்டு வேறு.

லோர்னாவிடம் சொன்னேன்.

ரோலண்ட் ஹெக்


கான்கார்டியா, கேன்சஸ்
ஜூன் 26

அன்புள்ள ரோலண்ட்,

உன் கடிதத்தைத் தபால் நிலைய வாசலிலேயே நின்று படித்தேன். 'கை எப்படி இருக்கிறது' என்று ஒரு வார்த்தை இருக்கிறதா என்று இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன். சரி விடு, நீ அப்படித்தான். கண்ணாடி வாங்கிவிட்டேன். ஆரஞ்சுத் துணிக்கு ஹாலின் வேட்டைச் சட்டையைக் கட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் கையசைக்கிறார்கள், அவர் பின்னால் உட்கார்ந்து வருகிறார் என்று நினைப்பார்களோ என்னவோ.

ஒரு வேடிக்கை. இங்கே கோதுமை அறுவடை. ஊர் முனையில் தானியக் கிடங்கு, அதற்கு முன்னால் லாரியோடு எடை போடுகிற மேடை. ஓய்வு நாள்தானே என்று நானும் வரிசையில் நின்றேன். முன்னால் கோதுமை, பின்னால் கோதுமை, நடுவில் நான். எடை போடுகிறவர், "நீங்க என்னம்மா விளைவிச்சிருக்கீங்க?" என்றார். "பம்பளிமாஸ் ஜாம்" என்றேன். ஆளுக்கு ஒரே சிரிப்பு.

டிரெய்லரை ஒருமுறை, கொக்கியை மட்டும் ஒருமுறை என்று தனித்தனியாகப் போட்டுக் கொடுத்தார். மொத்தம் 3,700 பவுண்டு எடை. கொக்கியின் மேல் 430. அவரே தாளில் வகுத்துப் பார்த்து, கிட்டத்தட்ட பதினொன்றரை சதவீதம் என்றார். நீ கேட்ட அளவுக்குள்ளேயே! பார்த்தாயா, ஜாம் எவ்வளவு உபயோகம் என்று. கொக்கியையும் குனிந்து பார்த்தார், வெடிப்பு எதுவும் இல்லை.

அந்த மனிதர் கடைசியில் சொன்னதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். "இதைவிட அழகா யாரும் ஏத்த முடியாது. பிரேக் இருக்கு, கார் பெரிசு. தாராளமா அம்பது, அம்பத்தஞ்சு போங்க. நாப்பதுல போனாத்தான் ஆபத்து, முதுகுல யாராவது ஏறிடுவான்." நான் உன் பெயரைச் சொன்னேன், நீ செய்கிற வேலையையும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப எனக்குத் தெரியாதது ஏதாவது அவருக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டேன்.

என்ன அது? என் மண்டைக்கு ஏறும்படி சொல். இன்னும் நாற்பதில்தான் போகிறேன்.

அன்புடன்,
வெர்னா அம்மா


நார்ஃபோக், நெப்ராஸ்கா
ஜூன் 27
விரைவுத் தபால்

ரோலண்ட்,

கேள்வியை முதலில் எழுதுகிறேன். ஏன்?

இங்கே முகாம் மைதானத்துச் சலவை அறையில் துணி காயப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். சுவரில் இலவசப் புத்தகங்கள் செருகி வைக்கும் கம்பித் தட்டு. நரி வேட்டை, பாத்திரம் தேய்க்கும் பவுடர், நடுவில் பச்சை அட்டையில் ஒரு சின்னப் புத்தகம்: 'உங்கள் டிரெய்லரை எந்த வேகத்தில் இழுப்பது'. உங்கள் தொழிற்சாலை போட்டது. எடுத்தபோது உன் நினைவுதான் வந்தது. உன் ஊர்ப் பேர் இருக்கிறதே என்று பக்கத்தில் இருந்த ஓர்வில் கிழவரிடம் பெருமையாகக் காட்டினேன்.

ஏழாம் பக்கத்தில் ஒரு கட்டம். காரின் எடை, டிரெய்லரின் எடை, கொக்கியின் எடை, வேகம். பெரிய ஸ்டேஷன் வேகன், மூவாயிரத்தைந்நூறிலிருந்து நாலாயிரம், பத்திலிருந்து பன்னிரண்டு சதவீதம். அது என் வண்டி ரோலண்ட், என்னையே உட்கார வைத்துப் படம் வரைந்த மாதிரி. வேகம்: ஐம்பது முதல் ஐம்பத்தைந்து. கீழே தடித்த எழுத்தில்: 'மற்ற வண்டிகளைவிட மிகவும் மெதுவாகப் போவது பாதுகாப்பு அல்ல. பின்னாலிருந்து மோதும் விபத்துகளுக்கு அதுவே முதல் காரணம்.'

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில்: 'சோதனைகள் செய்து எழுதியவர், ரோ. ஹெக்.'

ஓர்வில், "யாரும்மா அந்த ஹெக், சொந்தக்காரனா?" என்று கேட்டார். "இல்லை" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

உனக்குத் தெரியாமல் தப்பாக எழுதியிருப்பாய் என்று சொல்லிக்கொள்ள சாயங்காலம் முழுக்க முயன்றேன். வான்கோழியில் பொய் சொல்லாதவன், ஹாலின் சாவில் பொய் சொல்லாதவன், ஒரு எண்ணில் பொய் சொல்வானா?

நாளை ஓய்வு நாள் இல்லை. ஐம்பத்தைந்தில் வாட்டர்டவுன் போகிறேன். அங்கே தபால் நிலையத்தில் சனிக்கிழமை 30-ஆம் தேதி மத்தியானம் வரை பார்ப்பேன். உண்மையை எழுது. உன்னிடம் நான் வேறு எதையும் எதிர்பார்த்ததே இல்லை.

வெர்னா


எல்ம் ஃபோர்க்
ஜூன் 29
விரைவுத் தபால், வாட்டர்டவுன் தபால் நிலையம், தெற்கு டகோட்டா

திருமதி டோலெஃப்சன் அவர்களுக்கு,

ஏழாம் பக்கம் சரி. நாற்பது பொய்.

மே மாதம் எங்கள் நகர மன்றம் ஒரு சட்டம் போட்டது. ஜூலை 1 முதல் வீட்டு முற்றங்களில் டிரெய்லர் வைத்து யாரும் வசிக்கக் கூடாது. ஜூன் 30 நள்ளிரவுக்குள் வந்து நிற்கிறவை இருக்கலாம், அவற்றை யாரும் எப்போதும் கிளப்ப முடியாது. அதற்குப் பிறகு வருகிறவை மூன்று நாளில் வெளியேற வேண்டும். நீங்கள் சாதாரணமாக ஓட்டியிருந்தால் ஜூன் 18 அல்லது 19 வந்திருப்பீர்கள். ஜூலை 3-இல் வர வைக்க என்ன வேகம், எத்தனை ஓய்வு நாள் வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டேன். நாற்பது வந்தது. காரணங்களைப் பிறகு சேர்த்தேன். காரணங்கள் எல்லாம் உண்மை, முடிவுதான் பொய். எங்கள் தொழிலில் அப்படிச் செய்தால் வேலையை விட்டுத் துரத்துவார்கள்.

ஏன் என்று கேட்டீர்கள். இது நான் நினைத்தது இல்லை. நான் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதியிருப்பேன். எனக்கு அது கஷ்டமான வேலையா? உங்களுக்கே தெரியும்.

லோர்னா நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். "ரோ, அம்மா ஒண்ணாம் தேதிக்கு அப்புறம் வந்தா போதும். மிச்சத்தை நகர மன்றம் பாத்துக்கும்" என்றாள். நான், "வரவேண்டாம்னு எழுதிடேன்" என்றேன். "என்னால முடியாது. எங்கம்மாகிட்ட வேண்டாம்னு நான் பொறந்ததுலேர்ந்து சொன்னதில்ல. அவங்க வந்து நின்னா எனக்குப் பதினாலு வயசாயிடும், ரோ. என் அடுக்களை அலமாரியை மாத்தி வைப்பாங்க, என் தலையைப் பாத்து 'இப்படியா வெட்டிக்கிட்ட'ம்பாங்க, நான் சிரிச்சுக்கிட்டு நிப்பேன். ஒரு வாரம்னா நிப்பேன். சாகிற வரைக்கும் முடியாது" என்றாள். "அப்ப நான் சொல்றேன்" என்றேன். "நீ சொன்னா நான் உன்னை எதுத்துக்கிட்டு அவங்களைக் கூப்பிடணும்ல? நீ சொல்லாத. வேகத்தை மட்டும் சொல்லு. உன்னை நம்புவாங்க" என்றாள்.

அது உண்மை. நம்பினீர்கள்.

அட்டைகளை அவள்தான் எழுதினாள். நிழலில் இடம் எதுவும் சமப்படுத்தப்படவில்லை. அங்கே விறகு அடுக்கியிருக்கிறது.

மாட்டு லாரிக் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். சாயங்காலம் முழுக்க அழுதாள். காலையில் எழுந்து, "அப்ப எத்தனாம் தேதி வருவாங்க?" என்று கேட்டாள். கான்கார்டியாவிலிருந்து நீங்கள் ஐம்பத்தைந்தில் வந்தால் 28 வந்துவிடுவீர்கள். அதனால் மறுபடியும் நாற்பது என்று எழுதினேன். முதல் நாற்பதை லோர்னா கேட்டாள். இரண்டாவது நாற்பது என்னுடையது. அந்தச் சாலையில் அந்த வேகம் உங்களைக் கொல்லக்கூடும் என்று இந்த நாட்டில் யாரைவிடவும் எனக்கு நன்றாகத் தெரியும், அச்சடித்தே வைத்திருக்கிறேன். இதற்கு மன்னிப்புக் கேட்டால் நீங்கள் 'பரவாயில்லை' என்று எழுதுவீர்கள். அதனால் கேட்கவில்லை.

ஜாமைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லோர்னா அதைத் தொட்டதே இல்லை, கசக்கிறது என்பாள். எட்டு வருடமாக நான்தான் சாப்பிடுகிறேன். நன்றாக இருக்கிறது.

இப்போது எண்கள். வாட்டர்டவுனிலிருந்து எங்கள் முற்றம் நூற்று முப்பது மைல். ஐம்பத்தைந்தில் இரண்டு மணி இருபது நிமிடம். இந்தக் கடிதம் சனி காலை உங்களுக்குக் கிடைக்கும். மத்தியானம் கிளம்பினால்கூட வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடலாம். நள்ளிரவுக்குள் டிரெய்லரின் சக்கரம் எங்கள் நிலத்தில் பட்டால் சட்டப்படி அது உங்கள் இடம். லோர்னா வாசலுக்கு ஓடி வந்து கட்டிக்கொள்வாள், எதுவும் காட்டிக்கொள்ள மாட்டாள். நானும் சொல்ல மாட்டேன். விறகை நான் நகர்த்திவிடுவேன்.

வருவதும் வராததும் உங்கள் விருப்பம். தெரியாமல் வரக் கூடாது, அவ்வளவுதான்.

ரோலண்ட் ஹெக்


வாட்டர்டவுன், தெற்கு டகோட்டா
ஜூன் 30, 1979, சனி, மத்தியானம்

திரு. ஹெக் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் காலை ஒன்பது மணிக்குக் கிடைத்தது. பதினொன்று வரை காரில் உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பெட்ரோல் வீண்தான், நீங்கள் திட்டுவீர்கள்.

ஒரு முறை வடக்கே திருப்பினேன். ஊர் எல்லை தாண்டி நாலு மைல் போனேன். ஐம்பத்தைந்தில் வண்டி கொஞ்சம்கூட ஆடவில்லை, கையை எடுத்தால்கூட நேராகப் போகிறது. வாசலுக்கு ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று எழுதியிருந்தீர்கள். அதை நினைத்துக்கொண்டேதான் போனேன், அந்த நாலு மைலும். முதுகில் அவள் கை படும்போது எனக்கு என்ன தோன்றும் என்று யோசித்தேன். ஒரு பண்ணை வாசலில் இடம் இருந்தது, திருப்பிவிட்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கெஞ்சிக் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம், நீங்கள் இதைச் செய்தே ஆக வேண்டும்.

லோர்னாவிடம் நீங்கள் எனக்கு எழுதியதைச் சொல்லக் கூடாது. நான் வழியில் டிரெய்லர்காரர்கள் கூட்டம் ஒன்றில் சேர்ந்துவிட்டேன், ஓர்வில் என்று ஒருவர், அவர் மனைவி, இன்னும் நான்கைந்து வண்டிகள். கூட்டமாக மேற்கே போகிறோம், நான் சந்தோஷமாக இருக்கிறேன், முற்றத்தில் முடங்கிக் கிடக்க எனக்கு விருப்பமில்லை. இதைத்தான் சொல்ல வேண்டும். இதில் ஓர்வில் மட்டும் உண்மை, அவரும் நார்ஃபோக்கிலிருந்தே கிழக்கே போய்விட்டார். 'உங்கம்மாவுக்கே வர இஷ்டமில்ல' என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், வழக்கம்போல, சர்க்கரை தடவாமல். உங்களை நம்புவாள். நான் நம்பவில்லையா?

கொஞ்சம் அழுவாள். பிறகு நிம்மதியாக இருப்பாள். அந்த நிம்மதியைத் தினமும் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று உங்களுக்குக் கணக்குப் போடத் தெரியும்.

வருடம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு அட்டை அனுப்புவேன். 'நல்ல வெயில், நல்ல கூட்டம்' என்று எழுதுவேன். ஊர்ப் பெயர் இருக்காது.

ஜாம் பாட்டில்களை இங்கே தபால் நிலையத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்று உங்களுக்கு அனுப்பலாமா என்று ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தேன். அதையும் கொடுத்துவிட்டேன். முன்னால் எடை குறைந்துவிடும் அல்லவா, அந்த இடத்தில் ஹாலின் பௌலிங் பந்துகளையும் இரும்புச் சட்டிகளையும் நகர்த்தி வைத்தேன். இங்கேயும் ஒரு தானியக் கிடங்கு இருக்கிறது. கொக்கியின் மேல் 425 காட்டுகிறது. போதும்.

உங்கள் பச்சைப் புத்தகத்தை வைத்துக்கொள்கிறேன். அதில் உள்ளது எல்லாம் சரி.

விறகை நகர்த்த வேண்டாம்.

இப்படிக்கு,
திருமதி ஹால் டோலெஃப்சன்